குளிர்நாட்டுச் செர்ரி: மரத்திலிருந்து புதருக்கு

அன்டன் செகாவின் கடைசி நாடகத்தை 'செர்ரித் தோட்டம்' என்ற பெயரில்தான் நாம் பேசி வருகிறோம். 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் அது முதன்முதலாக மேடையேறியது. அதே ஆண்டு ஜூலையில் செகாவ் மறைந்தார். நொடித்துப்போன நிலவுடைமைக் குடும்பம், அக்குடும்பத்தின் முன்னாள் பண்ணையடிமையின் மகன் அந்த நிலத்தை ஏலத்தில் எடுப்பது, இறுதியில் கேட்கும் கோடரியோசை ஆகியவற்றைப் பற்றி விமர்சகர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தில் நின்றவை எத்தகைய மரங்கள் என்ற எளிய கேள்வியை இலக்கிய வாசகர்களாகிய நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்கினால் அது நாடகத்திற்கு வெளியே நெடுந்தூரம் இட்டுச் செல்கிறது.

ரஷ்ய மொழியில் செர்ரிக்கு இரண்டு சொற்கள் உண்டு. 'செரேஷ்னியா' என்பது இனிப்புச் செர்ரி; தெற்கே, உக்ரைனிலும் கிரிமியாவிலும் காகசஸ் அடிவாரத்திலும் உயர்ந்து வளரும் மரம். 'வீஷ்னியா' என்பது புளிப்புச் செர்ரி. குட்டையானது, வேரிலிருந்து பக்கக்கன்றுகள் விட்டுப் பரவுவது, மத்திய ரஷ்யாவின் குளிரைத் தாங்குவது. செகாவின் தலைப்பில் இருப்பது இரண்டாவது சொல். ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்தபோது இந்த வேறுபாடு உதிர்ந்துவிட்டது. அத்தலைப்பில் செகாவ் எந்த அசையை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று கூர்ந்து யோசித்ததை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி தம் நினைவுகளில் பதிவு செய்திருக்கிறார். 'வீஷ்னெவி' என்று உச்சரித்தால் அது வருமானம் தரும் தோட்டம். 'விஷ்ண்யோவி' என்று உச்சரித்தால் வருமானம் நின்றுபோய், பழைய வாழ்வின் அழகை மட்டும் சுமந்து நிற்கும் தோட்டம். செகாவ் இரண்டாவது உச்சரிப்பையே தேர்ந்தார்.

நாடகத்தின் முதிய வேலைக்காரர் ஃபீர்ஸ், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பழங்களை உலர்த்தியும் ஊறவைத்தும் பாகுகாய்ச்சியும் வண்டி வண்டியாக மாஸ்கோவுக்கும் கார்கிவ் நகருக்கும் அனுப்பியதை நினைவுகூர்கிறார். பக்குவம் எங்கே என்று கேட்டால், அது யாருக்கும் நினைவில்லை. நிலத்தை வாங்கப்போகும் லோபாகினோ, இந்தத் தோட்டத்தில் பரப்பளவைத் தவிர வியப்பதற்கு ஒன்றுமில்லை என்கிறான். இரண்டாண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது, காய்த்தாலும் வாங்க ஆளில்லை. இவான் பூனினுக்கு இந்த நாடகத்தின் மீதே ஐயம் இருந்தது. செர்ரி மட்டுமே நிறைந்த பண்ணைத் தோட்டம் ரஷ்யாவில் எங்கும் கிடையாது, தோட்டத்தின் ஒரு பகுதியில்தான் செர்ரி நிற்கும் என்று அவர் எழுதினார். பூனின் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். செகாவ் கடைக்காரர் ஒருவரின் மகன். ஆனால் செகாவும் மண்ணறியாதவர் அல்லர். 1892இல் மாஸ்கோவுக்குத் தெற்கே மெலிகோவோவில் நிலம் வாங்கி, 1899இல் அதை விற்கும்வரை அங்கே செர்ரியும் ஆப்பிளும் தம் கையாலேயே நட்டு வளர்த்தவர்.

இக்கட்டுரையில் நாம் கேட்க விரும்பும் கேள்வி அதுதான். குளிர்நிலத்தில் தோட்டம் வைக்கும் ஒருவர் எந்தச் செர்ரியைத் தேர்வது? ஸ்காண்டிநேவியாவிலும் கனடாவிலும் வீடு வாங்கி, பின்கட்டில் ஒரு பழமரம் நட விரும்பும் தமிழர்கள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். எனவே இது முற்றிலும் அயல்நாட்டுக் கேள்வியும் அல்ல. ஒரு தவறான கன்று ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கிவிட்டு ஒரே இரவில் செத்துப்போகும். அந்த இழப்பிலிருந்து பாடம் கற்றவர்களின் வரலாறு ஒன்றரை நூற்றாண்டு நீளமுடையது.

*

முதலில் செர்ரி என்பது எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மூர் பேக்கரிகளில் கேக்கின் உச்சியில் வைக்கப்படும் சிவப்பு உருண்டை பெரும்பாலும் செர்ரியே அல்ல. சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயமேறிய களாக்காய். உண்மையான செர்ரி, ரோஜாவின் குடும்பத்தைச் சேர்ந்த ப்ரூனஸ் பேரினத்தில் ஒரு கிளை. பிளம், பீச், பாதாம், ஆப்ரிகாட் எல்லாம் அதே பேரினத்தின் உறவினர்கள்.

செர்ரியை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்த பெருமையை ரோமானியர்கள் தங்கள் படைத்தலைவர் லுகுல்லஸுக்குக் கொடுத்தார்கள். மித்ரிடேட்டிஸ் மன்னருக்கு எதிரான போரில் அவர் வெல்லும்வரை இத்தாலியில் செர்ரி இல்லை என்றும், அதன்பின் 120 ஆண்டுகளில் அது கடல் கடந்து பிரிட்டனையே அடைந்துவிட்டது என்றும் பிளினி எழுதினார். கருங்கடல் கரையிலுள்ள கெராசஸ் நகரின் பெயரோடு செர்ரியின் பெயரும் பிணைந்திருக்கிறது. இன்று அந்நகரம் துருக்கியின் கிரேசுன். ஆனால் ஐரோப்பாவின் வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகளிலேயே காட்டுச் செர்ரிக் கொட்டைகள் கிடைத்திருக்கின்றன. லுகுல்லஸ் கொண்டுவந்தது புதிய மரத்தையல்ல, மேலான ரகத்தை என்று கொள்வதே பொருத்தம்.

தோட்டக்காரருக்கு இதைவிட முக்கியமான வரலாறு செடியின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. இனிப்புச் செர்ரியின் உயிரணுவில் 16 குரோமோசோம்கள். ஐரோப்பாவின் கிழக்கிலிருந்து சைபீரியாவரை புல்வெளிகளில் முழங்கால் உயரத்திலும் இடுப்பளவிலும் வளரும் ஸ்டெப்பிச் செர்ரி என்ற புதரில் 32. இவ்விரண்டின் எல்லைகளும் சந்தித்த இடங்களில் இயற்கையாகவே நேர்ந்த கலப்பில் பிறந்ததுதான் 32 குரோமோசோம்கள் கொண்ட புளிப்புச் செர்ரி. ஒரு பெற்றோரிடமிருந்து பெரிய கனியும் மரவுருவமும் வந்தன. மற்றதிடமிருந்து குளிர் தாங்கும் வேரும் புளிப்பும் குட்டையான உடலும் வந்தன. செகாவின் 'வீஷ்னியா' இந்தக் கலப்பின் வழித்தோன்றல். பின்னால் நாம் காணப்போகும் மனித முயற்சிகள் பலவும், இயற்கை ஒருமுறை செய்த இக்கலப்பைத் திரும்பச் செய்து பார்த்தவைதான்.

*

குளிர் செர்ரியைக் கொல்லும் முறை ஒன்றல்ல, மூன்று. இதைப் புரிந்துகொள்ளாமல் ரகம் தேர்ந்தெடுப்பது வீண்.

முதலாவது நடுக்குளிர்காலச் சாவு. செர்ரியின் பூமொட்டுக்குள் இருக்கும் நீர், சுழியம் டிகிரியில் உறைந்துவிடுவதில்லை. உறையத் தொடங்குவதற்கான கரு எதுவும் இல்லாததால், உறைநிலைக்கு வெகு கீழேயும் அது திரவமாகவே நிற்கிறது. இதனை மீக்குளிர்வு என்பர். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. எல்லையைத் தாண்டினால் மொட்டு முழுவதும் நொடியில் உறைந்து செத்துவிடும். இனிப்புச் செர்ரிக்கு அந்த எல்லை மைனஸ் 25 டிகிரியை ஒட்டியே நெருங்கத் தொடங்குகிறது. புளிப்புச் செர்ரி இன்னும் சில டிகிரி தாங்கும். ஸ்டெப்பிச் செர்ரியின் இரத்தம் கலந்த புதர்கள் மைனஸ் 40ஐயும் கடந்து பிழைக்கின்றன.

இரண்டாவது, குளிர்காலத்தின் இறுதியில் நிகழ்வது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிற்பகல் வெயில் பனியில் பட்டுத் தெறித்து அடிமரத்தின் தென்மேற்குப் பக்கத்தைச் சுடாக்குகிறது. பட்டைக்கடியில் சாறு ஓடத் தொடங்குகிறது. இரவில் மீண்டும் கடுங்குளிர் இறங்க, பட்டை வெடிக்கிறது. ரஷ்யக் கிராமங்களில் பழமரங்களின் அடிப்பகுதிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் பழைய வழக்கம் வெறும் அலங்காரம் அல்ல; வெயிலைத் திருப்பியனுப்பும் ஏற்பாடு.

மூன்றாவது, பூக்கும் காலத்து உறைபனி. தூங்கும்போது மைனஸ் 25ஐத் தாங்கிய அதே மொட்டு, விரிந்து பூவானபின் மைனஸ் 2.2 டிகிரியில் அரை மணி நேரம் நின்றாலே பத்தில் ஒரு பூ கருகும். மைனஸ் 3.9இல் பத்தில் ஒன்பது கருகும். மரம் உயிரோடிருக்கும், இலை தழைக்கும், அந்த ஆண்டு கனி மட்டும் இராது. இரண்டாண்டுக்கு ஒருமுறை காய்க்கும் தோட்டம் என்று லோபாகின் அலுத்துக்கொண்டதைப் படிக்கும்போது இந்தக் கணக்கு நமக்கு நினைவுக்கு வருகிறது.

மூன்று சாவுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் பனியின் இடம் விளங்கும். அரை மீட்டர் பனி போர்த்திய மண்ணில், வெளியே மைனஸ் 30 இருக்கும்போதும் வெப்பம் சுழியத்திற்குச் சற்றுக் கீழே மட்டும்தான். பனி செடியைக் கொல்வதில்லை, மூடிக் காக்கிறது. கொல்வது பனியற்ற குளிரும் அதனோடு வரும் காற்றும். அமெரிக்க வேளாண்துறை 1960இல் முதன்முதலாக வெளியிட்ட தாவரத் தாங்குதிறன் வரைபடம் குளிர்காலத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டது. கனடியர்கள் 1967இல் தங்களுக்கென வகுத்த வரைபடமோ ஏழு காரணிகளைக் கணக்கில் எடுத்தது. அவற்றில் பனியின் ஆழமும் காற்றின் வேகமும் உறைபனியற்ற நாட்களின் எண்ணிக்கையும் அடக்கம். பனியில் வாழ்பவர்கள் வகுத்த அளவுகோல் என்பது அதைப் பார்த்தாலே தெரிகிறது.

*

இந்த அறிவு எளிதில் வரவில்லை. அதற்கு விலை கொடுத்தவர்களில் முதன்மையானவர் இவான் மிச்சூரின். 1855இல் பிறந்தவர். ரயில்வே எழுத்தராகவும் கடிகாரம் பழுதுபார்ப்பவராகவும் பிழைத்துக்கொண்டே கோஸ்லோவ் என்ற மாகாண நகரத்தில் பழமரங்களை வளர்த்தார். அக்காலத்தில் மாஸ்கோவின் தோட்டக்கலை வல்லுநர் கிரெல் ஒரு கொள்கையைப் பரப்பி வந்தார்: தென்னாட்டின் மென்மையான ரகத்தைக் குளிர் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டினால், மெல்ல மெல்ல அது குளிருக்குப் பழகிவிடும். நம்பத்தக்க கொள்கைதான். மிச்சூரினும் நம்பினார். தென்னாட்டுக் கன்றுகளைத் தருவித்து ஒட்டுக்கட்டினார். கடுங்குளிர்காலங்கள் வந்தபோது அவை கூட்டங்கூட்டமாக மடிந்தன. வேர் தாங்கியது, அதன்மேல் ஒட்டியிருந்த இனிமை தாங்கவில்லை.

தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகள் இந்த வழியில் வீணாயின என்பதை மிச்சூரின் பின்னர் மறைக்கவில்லை. மரத்தைப் பழக்க முடியாது, புதிதாகப் பிறப்பிக்கத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். தொலைவான நிலங்களைச் சேர்ந்த இரு செடிகளைக் கலந்து, விதையிலிருந்து வளர்த்து, அவற்றுள் பிழைப்பதைப் பொறுக்கினார். விளாதிமிர் நகரத்துப் புளிப்புச் செர்ரியோடு இனிப்புச் செர்ரியைக் கலந்து 'வடக்கின் அழகி' என்ற ரகத்தைப் பெற்றார். ஸ்டெப்பிச் செர்ரியின் வழியே 'இடியல்' என்ற குட்டை ரகத்தைப் பெற்றார். அதனைத் தூரக்கிழக்கின் கொத்துச் செர்ரியோடு கலந்து 'செரப்பாடஸ்' என்ற புதுக்கலப்பையும் உண்டாக்கினார். 1900ஆம் ஆண்டில், செழுமையான மண்ணில் கன்றுகள் செல்லம் கொஞ்சிக் கெட்டுப்போகின்றன என்று கருதித் தம் தோட்டத்தையே வளம் குறைந்த மணற்பாங்கான நிலத்திற்கு மாற்றினார்.

மிச்சூரினின் வாழ்க்கை அவருக்குப் பின் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பது வேறொரு சோகம். 1920இல் அவரைத் தேடிச் சென்று பார்த்தவரும் அவர் பணிக்கு ஆதரவு திரட்டியவரும் மரபியலறிஞர் நிக்கோலாய் வவிலோவ். 1932இல் கோஸ்லோவ் நகரம் மிச்சூரின்ஸ்க் ஆனது. 1935இல் மிச்சூரின் மறைந்தார். அதன்பின் லைசென்கோ, அவருடைய பெயரை மரபியலுக்கு எதிரான கொடியாக உயர்த்தினார். வவிலோவ் கைதாகி 1943இல் சரத்தோவ் சிறையில் இறந்தார். 1948இல் சோவியத் வேளாண் அகாதமியின் கூட்டம் 'மிச்சூரினிய உயிரியல்' தவிர மற்றதை விலக்கி வைத்தது. வேடிக்கை என்னவென்றால், சூழல் செடியைப் பழக்கிவிடும் என்பதுதான் லைசென்கோ பரப்பிய கொள்கையின் சாரம். அந்த நம்பிக்கையைத்தான் மிச்சூரின் தம் தோட்டத்தில் செத்துக்கிடந்த கன்றுகளைப் பார்த்துக் கைவிட்டிருந்தார்.

கொள்கைகளைப் பொருட்படுத்தாத குளிர் 1939–40இல் வந்தது. மத்திய ரஷ்யாவின் பழத்தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன. 1960களுக்குப் பிறகு மேற்கிலிருந்து பரவிய இலைப்புள்ளி நோய், குளிரில் தப்பிய பழைய விளாதிமிர், லுப்ஸ்காயா ரகங்களைத் தாக்கியது. கோடையிலேயே இலையுதிர்த்த மரங்கள் வலுவிழந்து அடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. அப்போது நோயெதிர்ப்புக்காக ஆய்வாளர்கள் தேடிப்போனவற்றுள் ஒன்று மிச்சூரின் விட்டுச்சென்ற அந்தக் கொத்துச் செர்ரிக் கலப்பு.

*

ரஷ்யாவை ஒத்த புல்வெளியும் குளிரும் வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் இருக்கின்றன. அங்கே குடியேறிய ஐரோப்பியர்களும் முதலில் செய்தது கிரெல் சொன்னதைத்தான்: தங்கள் ஊர் மரத்தைக் கொண்டுவந்து நட்டார்கள், இழந்தார்கள். ஆனால் அந்த நிலத்திற்கென்று ஒரு செர்ரி ஏற்கெனவே இருந்தது. மணற்செர்ரி என்ற அந்தத் தாழ்ந்த புதரின் கருங்கனியை டகோட்டா மக்கள் நெடுங்காலமாகப் பறித்துண்டு வந்தனர். காற்று வீசும் திசைக்கு எதிராக நடந்து போய்ப் பறித்தால் கனி இனிக்கும், காற்றோடு சேர்ந்து போனால் கசந்து துவர்க்கும் என்பது அவர்களது நம்பிக்கை. 1919இல் மெல்வின் கில்மோர் தம் தாவர நூலில் இதைப் பதிவு செய்தார்.

டென்மார்க்கில் பிறந்து தெற்கு டகோட்டாவில் பணியாற்றிய நீல்ஸ் ஹான்சன், இந்தப் புதரின் அருமையை உணர்ந்தவர். 1897 முதல் அமெரிக்க அரசுக்காக ரஷ்யாவிலும் சைபீரியாவிலும் அலைந்து குளிர்தாங்கும் செடிகளைச் சேகரித்தார். மணற்செர்ரியை ஜப்பானியப் பிளம்முடன் கலந்து 1908இல் 'சாபா', 'ஓபாட்டா' ஆகிய ரகங்களை வெளியிட்டார். டகோட்டா மொழியில் சாபா என்றால் கறுப்பு; பழத்தின் சதை அந்த நிறம்தான். மண்ணின் மக்களுடைய மொழியிலேயே தம் செடிகளுக்குப் பெயரிட்டது ஹான்சனின் வழக்கம்.

சீனாவிலிருந்து வந்த நான்கிங் செர்ரியும் இதே காலத்தில் இடம்பிடித்தது. இரண்டு மூன்று மீட்டர் உயரப் புதர். மைனஸ் 40ஐத் தாங்கும். நட்ட மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கும். ஆனால் கனி சிறியது, மென்தோலுடையது, பறித்த மறுநாள் சந்தைக்குத் தாங்காது. கடைகளில் நாம் அதைக் காண்பதில்லை என்பதற்குக் காரணம் சுவையன்று, தோல்தான். மினசோட்டா பல்கலைக்கழகம் 1950இல் 'நார்த் ஸ்டார்', 1952இல் 'மீட்டியார்' என்ற இரு குட்டைப் புளிப்புச் செர்ரிகளைத் தந்தது.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்தது வேறு விதமான கண்டுபிடிப்பு. எட்மன்டன் அருகே ஒரு பழைய பண்ணையில் 1920களிலிருந்தே ஒரு புளிப்புச் செர்ரிக் கூட்டம் யாருடைய ஆராய்ச்சிக்கும் உட்படாமல் காய்த்துக்கொண்டிருந்தது. 1970களில் அதனைக் கண்ட தாவர நோயியல் அறிஞர் யுவான் எவன்ஸ், பக்கக்கன்றுகளைப் பெயர்த்து நண்பர்களுக்கும் நாற்றுப்பண்ணைகளுக்கும் கொடுத்தார். 'எவன்ஸ்' என்ற பெயரில் இன்று மேற்குக் கனடா முழுவதும் அது பரவியிருக்கிறது. அரை நூற்றாண்டு ஆல்பர்ட்டாக் குளிரைத் தாண்டி நின்ற அந்தச் செடி, எந்த ஆய்வுக்கூடத்தின் சான்றிதழையும் விட நம்பகமான ஒன்றைக் கையில் வைத்திருந்தது.

இயற்கையின் பழைய கலப்பைத் திட்டமிட்டு மீண்டும் செய்தவர் சஸ்காட்சவனின் லெஸ் கெர். சஸ்கட்டூனை அடுத்த சதர்லண்ட் வன நாற்றுப்பண்ணையின் பொறுப்பில் இருந்த அவர், 1940களில் சைபீரியாவின் ஸ்டெப்பிச் செர்ரியைப் புளிப்புச் செர்ரியோடு கலக்கத் தொடங்கினார். காற்றைத் தடுக்கும் மரவரிசைகளை விவசாயிகளுக்கு வளர்த்துக் கொடுப்பதே அப்பண்ணையின் கடமை; செர்ரி அவருடைய சொந்த ஈடுபாடு. ஒரு தலைமுறை விதையிலிருந்து கனிவரை வளர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். நாற்பதாண்டு உழைப்பின் பலனை 1980களின் தொடக்கத்தில் அவர் சஸ்காட்சவன் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். அங்கே ஸ்டூவர்ட் நெல்சன், ரிக் சவாட்ஸ்கி, பின்னர் பாப் போர்ஸ் ஆகியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். 1999இல் 'கார்மின் ஜுவல்' வெளிவந்தது. ஆள் உயரப் புதர், உள்ளும் புறமும் கருஞ்சிவப்பான சதை, சிறிய கொட்டை. அடுத்த சில ஆண்டுகளில் 'ரோமியோ', 'ஜூலியட்', 'க்யூபிட்', 'வாலன்டைன்', 'கிரிம்சன் பேஷன்' என்ற ஐந்து ரகங்கள் தொடர்ந்தன. கெர் தொடங்கியதிலிருந்து முதல் ரகம் விவசாயியின் கைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

*

இந்த வரலாற்றிலிருந்து, தோட்டத்தில் கன்று ஊன்றப்போகும் ஒருவருக்கு என்ன கிடைக்கிறது?

முதலில் தம் ஊரின் குளிரை நேர்மையாகப் பார்க்க வேண்டும். சராசரிக் குறைந்தபட்சம் மைனஸ் 23க்கு மேலேயே நிற்கும் இடங்களில், டொரன்டோவின் ஏரிக்கரைப் பகுதியைப் போன்ற ஊர்களில், இனிப்புச் செர்ரியை முயலலாம். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. இனிப்புச் செர்ரிகளில் பெரும்பாலானவை தம் மகரந்தத்தால் தாமே காய்ப்பதில்லை. பொருத்தமான இரண்டாவது மரம் வேண்டும். இந்தக் குறையைத் தீர்த்த முதல் ரகம் 'ஸ்டெல்லா'. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சம்மர்லண்ட் ஆய்வு நிலையத்தில், லாட்வியாவில் பிறந்த கார்லிஸ் லாபின்ஸ் உருவாக்கி 1968இல் வெளிவந்தது. சிறு வீட்டுமனைக்கு ஒற்றை மரம் போதும் என்றானது இதனால்தான். ஜெர்மனியின் கீசன் நகரில் உருவான 'கிசெலா' வேர்ச்செடிகள் அம்மரத்தின் உயரத்தையும் குறைத்தன.

மைனஸ் 30ஐ ஒட்டிய ஊர்களில் இனிப்புச் செர்ரி ஆசை வீண். அங்கே 'நார்த் ஸ்டார்', 'மீட்டியார்', 'எவன்ஸ்' ஆகியவை பொருந்தும். வின்னிபெக், சஸ்கட்டூன் போன்ற, மைனஸ் 40ஐத் தொடக்கூடிய ஊர்களில் 'எவன்ஸ்' ரகமும் சஸ்காட்சவன் புதர்களும் நான்கிங் செர்ரியும் மணற்செர்ரிக் கலப்புகளும்தான் துணை. புளிப்புச் செர்ரிகள் பெரும்பாலும் தனித்தே காய்க்கும். நான்கிங் செர்ரிக்கு மட்டும் இரண்டு செடிகளாவது வேண்டும். மணற்செர்ரிக் கலப்புகளுக்கும் துணைச்செடி தேவை.

இரண்டாவது, வேர். கன்று வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையோ இனிப்போ அல்ல. இது ஒட்டுக்கன்றா, சொந்த வேரில் வளர்ந்ததா என்பது. ஒட்டுக்கட்டிய மரம் ஒரு கொடிய குளிர்காலத்தில் பனிமட்டம்வரை செத்தால், மறுபடி முளைத்து வருவது வேர்ச்செடிதான். நாம் நட்ட ரகம் அல்ல. சொந்த வேரில் நிற்கும் புதர் பனிமட்டம்வரை செத்தாலும் அதே புதராகவே எழுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் காய்க்கிறது. பக்கக்கன்றுகள் புல்தரையில் கிளம்பித் தொல்லை தருவது உண்மையே. எவன்ஸ் செய்தது போல அவற்றை அண்டை வீட்டாருக்குப் பெயர்த்துக் கொடுப்பது நல்ல தீர்வு.

மூன்றாவது, இடம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். எனவே பள்ளத்தில் நட்ட செர்ரி முதலில் பூவை இழக்கும். சரிவின் நடுப்பகுதி நல்லது. தெற்குச் சுவரோரம் கதகதப்பாக இருக்கிறது என்று நட்டால், செடி முன்கூட்டியே விழித்து உறைபனியில் மாட்டிக்கொள்ளும். வடக்குச் சரிவு அதைச் சில நாட்கள் தாமதமாக எழுப்பும், அத்தாமதம் பெரும்பாலும் நன்மையே. நீர் தேங்கும் களிமண்ணை எந்தச் செர்ரியும் பொறுப்பதில்லை. குளிர்காற்றைத் தடுத்துப் பனியைச் சேர்த்துவைக்கும் ஒரு வேலி, உரமூட்டையை விட அதிகம் உதவும்.

நான்காவது, சுவை. புளிப்புச் செர்ரியில் இனிப்புக் குறைவு என்று எண்ணுவது முழு உண்மையல்ல. 'கிரிம்சன் பேஷன்' போன்றவற்றில் சர்க்கரை அளவு நல்ல ஆண்டில் இனிப்புச் செர்ரிக்குச் சமமாகவே இருக்கும். அமிலம் கூடுதலாக இருப்பதால் நாக்கு முதலில் புளிப்பையே உணர்கிறது. பறிக்க அவசரப்படாமல், கனி கருஞ்சிவப்பாகி ஓரிரு வாரங்கள் கிளையிலேயே நிற்கவிட்டால் சுவை மாறுவதை உணரலாம். அதுவரை பறவைகளிடமிருந்து காக்க வலை வேண்டும். 2008இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டு அமெரிக்கா, கனடா எங்கும் பரவிவிட்ட புள்ளிச்சிறகு பழஈயின் தொல்லை உள்ள ஊர்களில் தாமதமாகப் பழுக்கும் ரகங்களை விட, ஜூலை இறுதியிலிருந்தே பழுக்கத் தொடங்கும் 'கார்மின் ஜுவல்' பாதுகாப்பானது.

இவற்றுள் ஒரு ரகமும் கடைத்தெருவில் குவித்து வைக்கப்படும் பெரிய, தடித்த, ஒரே அளவான இனிப்புச் செர்ரியைப் போல இருக்காது. அந்தக் கனியைத் தம் பனிநிலத்தில் விளைவிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களே அதிகம் இழந்தார்கள். உயரத்தையும் உடனடி இனிப்பையும் விட்டுக்கொடுத்தவர்கள், புதரை வாங்கிப் பனிக்குள் தூங்கவிட்டவர்கள், ஆகஸ்டில் வாளி நிறையப் பறிக்கிறார்கள். பிறகு அந்தப் புளிப்புக் கனியை என்ன செய்வது என்று தேடுகிறார்கள். உலர்த்துகிறார்கள், பாகு காய்ச்சுகிறார்கள், கொட்டை நீக்கி ஜாடியில் ஊறவைக்கிறார்கள். ஃபீர்ஸ் கிழவரின் வீட்டில் மறந்துபோன பக்குவம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.